மார்லிஸ் ஹாகென் பார்க்க வேண்டிய நாடகங்கள்

ஜனவரி 7, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த நோட்டு டைரி எழுத வாங்கியதல்ல. எங்கள் வீட்டில் யாரும் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டதில்லை. அப்பாவின் பஸ் டியூட்டி அட்டவணை, அம்மாவின் கடைச் சாமான் பட்டியல், காகிதத்துக்கு எங்கள் வீட்டில் அவ்வளவுதான் வேலை. பட்டம் வாங்கியவள் என்பதால் எனக்கு மட்டும் தனியாக என்ன வந்துவிட்டது என்று கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது. கூடப் படித்தவர்கள் எல்லாரும் லண்டனுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் எங்கள் ஊர் ஹல்லுக்குத் திரும்பி வந்து, நூலகத்தில் டிஸ்க் அலமாரிக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நோட்டு வாங்கியது ஒரு அமெரிக்க அம்மாவுக்காக. பெயர் மார்லிஸ் ஹாகென். மின்னசோட்டாவிலிருந்து வந்தவர். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். நெடுநெடுவென்று உயரம், முழங்கால் வரை சிவப்புக் கோட்டு. கணவர் டுவேன் இங்கே காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் இருக்கிறார். இந்த அம்மா வந்து நான்கு மாதம் ஆகிறது.

இன்று காலை நேராக என் மேசைக்கு வந்தார்.

"கண்ணு, இந்த ஊர்க்காரங்க எனக்குப் புரியவே மாட்டேங்கிறாங்க. அவங்கள புரிஞ்சுக்கற மாதிரி டிவி நாடகம் ஏதாவது குடேன். நிறையக் குடு. மார்ச் முடியற வரைக்கும்தான் எனக்கு டைம்."

"மார்ச்சுக்கு அப்புறம்?"

"டுவேன்கிட்ட சொல்லிட்டேன். மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் இருந்து பாக்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா நான் ஊருக்குப் போயிடறேன், நீ உன் வேலைய முடிச்சுட்டு வான்னு. குளிர் எனக்கு ஒண்ணும் பெரிசில்ல. எங்க ஊர் குளிர்ல உங்க ஊர் குளிர் ஒரு பூனைக்குட்டி. ஆளுங்கதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினார்.

பட்டியல் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குத்தான் இந்த நோட்டு.


ஜனவரி 9, வியாழன்

பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் திரைக்கலை வகுப்பில் நான் வாய் திறந்தது மொத்தம் நான்கு முறை. அதில் ஒன்று ஜன்னலை மூடலாமா என்று கேட்டது. மற்றவர்கள் ஈரான் படம், ஹங்கேரி படம் என்று பேசுவார்கள். நான் வளர்ந்ததெல்லாம் ஞாயிறு இரவு ஒன்பது மணி நாடகங்களில். அதை எப்படிச் சொல்வது?

இன்று மார்லிஸிடம் பதினொரு நிமிடம் நிறுத்தாமல் பேசினேன். மேலாளர் ஹிலாரி அந்தக் கோடியிலிருந்து எட்டிப் பார்த்தார், யாரோ புது ஆள் வேலைக்கு வந்திருக்கிறாரோ என்று.

முதலில் கொலை வேண்டாம் என்று முடிவு செய்தேன். கொலையை எல்லா நாட்டிலும் செய்கிறார்கள். 'பாத்தி எண் பதினாலு' கொடுத்தேன். ஒரு காய்கறித் தோட்டச் சங்கத்தில் யாருக்கு எந்தப் பாத்தி என்பதில் பன்னிரண்டு பேருக்குள் நடக்கும் சண்டை. யாரும் குரலை உயர்த்துவதே இல்லை. ஒருவர் இன்னொருவரின் பூசணிக்காயைப் பார்த்து, "ம், பெரிசாத்தான் இருக்கு" என்று சொல்வார். அதோடு முப்பது வருட நட்பு முறிந்துவிடும்.

"இது புரிஞ்சா பாதி நாடு புரிஞ்ச மாதிரி" என்றேன்.

நானா அப்படிச் சொன்னேன்?


ஜனவரி 14, செவ்வாய்

வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்தார்: "மீதி டிஸ்க் எங்க?"

"எல்லாம் குடுத்துட்டேனே."

"ஆறு எபிசோடுதான் இருக்கு. மிச்சத்த எவனோ தொலைச்சுட்டான். நல்லா தேடிப் பாரு கண்ணு, கணக்குப்பிள்ளை அந்த விதவைகிட்ட மனசுல இருக்கறத சொல்லவே இல்ல."

"ஆறுதான் எடுத்தாங்க. அடுத்த வருஷம் இன்னொரு ஆறு. அவ்வளவுதான்."

"ஏன், யாரும் பாக்கலையா?"

"நாடே பாத்துச்சு."

"பின்ன எதுக்கு நிறுத்தினாங்க?"

"முடிஞ்சு போச்சு, அதான்."

என்னையே பார்த்தார். "எங்க ஊர்ல ஆறு எபிசோடுல கதாநாயகன் கார விட்டே இறங்க மாட்டான். நல்லா ஓடறத பாதியில நிறுத்தற ஜனங்கள நான் எப்படிப் புரிஞ்சுக்கறது?"

இரண்டாவது ஆறு பகுதிகளையும் எடுத்துக்கொண்டு போனார். அதிலும் கணக்குப்பிள்ளை சொல்ல மாட்டார். ஒரு முள்ளங்கி கொடுப்பார். அதை நான் முன்கூட்டியே சொல்லவில்லை.


ஜனவரி 16, வியாழன்

முந்தாநாள்தான் வந்து போனவர் இன்று மறுபடி மெனக்கெட்டு வந்தார். "முள்ளங்கி" என்றார். கண் கலங்கியிருந்தது. "போயும் போயும் ஒரு முள்ளங்கி." அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

இந்த வருடத்தின் மிக நல்ல நாள் இதுதான்.


ஜனவரி 28, செவ்வாய்

நியூகாசில் கொச்சையிலேயே பேசும் ஒரு துப்பறியும் நாடகம் கொடுத்திருந்தேன். முதல் பகுதி முழுக்க அதை ஸ்வீடன் நாட்டு நாடகம் என்றே நினைத்தார்களாம். வசனத்தை எழுத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் அது ஆங்கிலம் என்று தெரிந்ததாம். டுவேன், "எழுத்து போட்டப்புறமும் எனக்கு சந்தேகமாத்தான் இருக்கு" என்றாராம்.

"ஒருத்தனும் துப்பாக்கி எடுக்க மாட்டேங்கிறான் கண்ணு. வாசல்ல போலீஸ் வந்து நிக்குது. உள்ள வாங்க, டீ போடறேன்னு கூப்பிடறாங்க. பால் எவ்வளவுன்னு கேக்கறாங்க. அதுக்கப்புறம்தான், உங்க புருஷன் செத்துட்டார்னு அவர் சொல்றார்."

"நின்னுகிட்டே சொன்னா மரியாதை இல்லல்ல."

"அப்புறம் இன்னொண்ணு. டிவி பாக்கறதுக்கு லைசென்ஸ் வாங்கணும்னு கடுதாசி வந்திருக்கு. எங்க பக்கம் துப்பாக்கிக்கே சில இடத்துல இவ்வளவு கேக்க மாட்டாங்க."

நாங்கள் சிரித்த சத்தத்துக்கு, செய்தித்தாள் மூலையில் இருந்த தாத்தா தொண்டையைக் கனைத்தார். ஐந்து மாதத்தில் என்னைப் பார்த்து ஒருவர் கனைப்பது இதுதான் முதல் முறை. பெருமையாக இருந்தது.


பிப்ரவரி 4, செவ்வாய்

ஒரு பிரபுவின் மாளிகையில் இருக்கும் வேலைக்காரர்களின் கதை கொடுத்தேன், இரண்டு பெட்டி. போகும்போது, "வியாழக்கிழமை சாயங்காலம் நாங்க வீட்டுலதான் இருப்போம். சாப்பிட வந்துரு, எங்க ஊர் ஹாட்டிஷ் செய்யறேன்" என்றார். எவ்வளவு இனிமையான மனுஷி. "ஐயோ, ரொம்ப நல்லா இருக்கும்" என்றேன்.

இங்கே மழை.


பிப்ரவரி 11, செவ்வாய்

மார்லிஸ் வரவில்லை. பிரபு வீட்டில் மாட்டிக்கொண்டார் போலிருக்கிறது. நீளமான நாடகம்தான் அது.


பிப்ரவரி 13, வியாழன்

டிஸ்க்குகளைத் திருப்பிக் கொடுக்க டுவேன் வந்தார். இதற்குமுன் அவரை நான் பார்த்ததில்லை. பெரிய உடம்பு, மெதுவான குரல். இரண்டு பெட்டியையும் மேசையில் நேராக அடுக்கி வைத்துவிட்டுக் கேட்டார்:

"நீதானே கொரின்? உடம்பு இப்போ தேவலையா?"

"எனக்கு ஒண்ணும் இல்லையே."

"ஓ. போன வியாழக்கிழமை நீ வரலையா, அதான் காய்ச்சலோ என்னவோன்னு நினைச்சோம்."

குற்றம் சொல்லும் குரலே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"மூணு தட்டு வச்சிருந்தா. எட்டரை வரைக்கும் அவ சாப்பிடல. நான் சொன்னேன், பஸ் லேட்டா இருக்கும்னு."

நிஜமாவே கூப்பிட்டிருக்காங்க. நிஜமா. வியாழன்னா வியாழன். நான் என்ன பண்ணினேன், "ரொம்ப நல்லா இருக்கும்"னு சொல்லிட்டு வீட்டுல உக்காந்து சிப்ஸ் தின்னேன். எட்டரை மணி வரைக்கும். மூணாவது தட்டு — அது என் தட்டு. இந்த ஊர்க்காரங்கள புரியலன்னு சொன்னவங்களுக்கு நான் நாடகம் குடுத்தேன். நானே அந்த ஊர்க்காரிதானே? கடைசில அவங்கள உக்கார வச்சு ஏமாத்தினது நான்.


பிப்ரவரி 14, வெள்ளி

அம்மாவிடம் கேட்டேன். உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"பின்ன, கூப்பிட்டா உடனே போய் நின்னுருவாங்களா? மணி சொன்னாங்களா?"

"இல்ல."

"மறுநாள் திரும்பக் கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப அது சும்மா மரியாதைக்கு. எதிர்வீட்டு லின்டாவ பதினெட்டு வருஷமா நான் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

அப்பா பேப்பரை இறக்கினார். "டிப்போல பாரிகிட்ட வாரா வாரம் சொல்றேன் பாப்பா, ஒருநாள் வீட்டுப் பக்கம் வாடான்னு. அவன் நிஜமா வந்து நின்னான்னா நான் பின்வாசல் வழியா ஓடிருவேன்."

"அவங்க அமெரிக்காப்பா. வான்னா வான்னுதான் அர்த்தம்."

அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா உருளைக்கிழங்கைப் பார்த்தாள். அப்படியும் ஒரு நாடு இருக்க முடியுமா என்று யோசித்தார்கள் போல.

"மூணு தட்டா?" என்றாள் அம்மா, கத்தியைக் கீழே வைத்துவிட்டு.


பிப்ரவரி 16, ஞாயிறு

புது நாடகம் ஆரம்பம். 'உப்புச் சதுப்பு'. ஆறு ஞாயிறு. நம்ம ஆற்றோரச் சேற்றில் ஒரு பிணம்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு முறை உண்டு. பத்தாவது நிமிடத்துக்குள் அப்பா கொலைகாரனை அறிவித்துவிட வேண்டும். கதையில் பாதிரியார் இருந்தால் பாதிரியார், இல்லாவிட்டால் டாக்டர். முப்பது வருடத்தில் இரண்டு முறை சரியாகச் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டையும் பற்றி இன்னும் பேசுகிறார். அம்மாவுக்குக் கொலை முக்கியமில்லை. "இவன வேற எதுலயோ பாத்திருக்கோமே, மாட்டு டாக்டரா வந்தானே" என்று ஆரம்பித்து, அது எது என்று கண்டுபிடிக்கும்வரை அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அதற்குள் இரண்டாவது ஆள் செத்திருப்பான்.

இன்று அப்பா, "பாதிரிதான்" என்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.


பிப்ரவரி 18, செவ்வாய்

மார்லிஸ் வந்தார். என்னிடம் வானிலை பேசினார்.

"மதியத்துக்கு மேல மழை வெறிக்கும்போல இருக்கு."

"ஆமா, நாளைக்குப் பரவாயில்லன்னு சொல்றாங்க."

"நல்லது."

அவ்வளவுதான். நாடகம் எதுவும் எடுக்கவில்லை. ஒரு சமையல் புத்தகம். ஒவ்வொரு வார்த்தையும் மரியாதையாக, சரியான இடைவெளியோடு இருந்தது. பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் நாங்கள் பேசுவது போலவே என்னிடம் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார். நான்தானே கற்றுக்கொடுத்தேன்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "ரசீது வேணுமா?" என்றுதான் வந்தது.

பிறகு உள்ளே போய் ஒரே அலமாரியை இரண்டு முறை அடுக்கினேன்.


பிப்ரவரி 20, வியாழன்

வாய்க்கு வராதது கைக்கு வரும் என்று ஒரு சீட்டு எழுதினேன். பரிந்துரைச் சீட்டு மாதிரியே. மேலே நாடகத்தின் பெயர், கீழே ஏன் பார்க்க வேண்டும் என்று.

'ஓய்வு இல்லம், முதல் தொகுதி. இதில் ஒரு பெண் பக்கத்து அறைக்காரியை பத்து வருடமாக டீ குடிக்கக் கூப்பிடுகிறாள். பக்கத்து அறைக்காரியும் பத்து வருடமாக, ரொம்ப நல்லா இருக்கும் என்கிறாள். ஒரு நாளும் போவதில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் மிகவும் விரும்புகிறார்கள். எங்கள் ஊரில் இது கதையில்லை, நடப்பது. நீங்கள் நிஜமாகக் கூப்பிட்டீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஐந்தே முக்காலுக்கே வந்து உங்கள் தெருமுனையில் நின்றிருப்பேன். மன்னித்துவிடுங்கள். கொரின்.'

டிஸ்க் பெட்டிக்குள் வைத்து, அவர் பெயருக்கு ஒதுக்கி, அறிவிப்பு அனுப்பிவிட்டேன். ஒதுக்கச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. நூலக விதிப்படி தவறு. ஹிலாரிக்குச் சொல்லவில்லை.


பிப்ரவரி 25, செவ்வாய்

வந்தார். மேசைமேல் முழங்கை இரண்டையும் ஊன்றிக்கொண்டார்.

"ஆக, வாங்கன்னு சொன்னா வராதீங்கன்னு அர்த்தம்."

"அப்படி இல்ல... வந்தா சந்தோஷம், ஆனா வந்துறாதீங்கன்னு."

"வராதீங்கன்னு சொல்லணும்னா?"

"அத யாரும் சொல்லவே மாட்டாங்க."

விழுந்து விழுந்து சிரித்தார். செய்தித்தாள் தாத்தா கனைத்தார். மார்லிஸ் அவரைத் திரும்பிப் பார்த்து, "தாத்தா, இந்தப் பொண்ணு என்னை மூணு தட்டோட காக்க வச்சா, தெரியுமா?" என்றார். தாத்தா பயந்து விளையாட்டுப் பக்கத்துக்குள் ஒளிந்துகொண்டார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் பையில் டிஸ்க்கை வைக்கும்போது, என்னைப் பார்க்காமல் ஒன்று சொன்னார்:

"நீ குடுத்த நாடகம் எல்லாத்தையும் சேத்தா நாப்பது சமையலறை பாத்திருப்பேன் கண்ணு. எந்த வீட்டுல கெட்டில் எங்க இருக்குன்னு சொல்லுவேன். ஆனா நிஜமான ஒரு வீட்டுக்குள்ள இந்த அஞ்சு மாசத்துல நான் கால் வைக்கல. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே இருக்கு."

"எங்க வீட்டுக்கு ஒருநாள் வாங்களேன்" என்றேன்.

என் கையைத் தட்டிக்கொடுத்தார். "ரொம்ப நல்லா இருக்கும்" என்றார். என் குரலிலேயே, என் மாதிரியே.

அதில் கோபம் இல்லை. கற்றுக்கொண்ட பாடத்தைச் சரியாக ஒப்பித்தார்.


பிப்ரவரி 26, புதன்

இன்னும் ஐந்து வாரம்.


மார்ச் 2, ஞாயிறு

ஏன் ஒரு தேதி சொல்ல முடியவில்லை என்று எனக்கே நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் சோபாவில் மூன்று பேர் உட்காரலாம். அதில் ஒரு பக்கம் சரிந்திருக்கும். அப்பா டிவியோடு சண்டை போடுவார். தொலைக்காட்சிக்கு மேலே நான் பட்டமளிப்பு உடுப்பில் நிற்கும் போட்டோ மூன்று அளவில் மூன்று மாட்டியிருக்கிறது. குளியலறைக் கதவு தானாகச் சாத்தாது. பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்த தோழிகளையே ஒரு முறைகூட இங்கே அழைத்ததில்லை. அவர்கள் தங்கள் வீட்டு விருந்துக்கெல்லாம் கூப்பிட்டார்கள். நான் போய் எந்த முள்கரண்டி எதற்கு என்று மற்றவர்கள் கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். திருப்பிக் கூப்பிடவில்லை. ஊர் வழக்கம், ஊர் வழக்கம் என்று மார்லிஸிடம் சொல்லிவிட்டேனே. வழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது என்ன என்று சொல்லவில்லை. அம்மா அப்பாவைப் பற்றி எனக்கு வெட்கமா? எழுதும்போதே கை கூசுகிறது. அவர்கள் என்னை மூன்று அளவில் மாட்டியிருக்கிறார்கள்.

மூன்றாம் பகுதி. அப்பா இன்னும் பாதிரியையே பிடித்துக்கொண்டிருக்கிறார்.


மார்ச் 8, சனி

சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டேன். "கடைசிப் பகுதிக்கு ரெண்டு பேர கூப்பிடப் போறேன். இருபத்துமூணாம் தேதி. நிஜமா."

அம்மா: "எந்த இருபத்துமூணு? இந்த மாசமா? இந்தத் திரைச்சீலையோடவா?"

அப்பா: "அமெரிக்காக்காரங்க நம்ம டிவிய பாத்தா, கூட வச்சிருக்கற பெரிய டிவி எங்கன்னு கேப்பாங்க."

"அப்பா, அவங்க இருக்கும்போது கொஞ்சம் —"

"வாய மூடிக்கிட்டு எல்லாம் உக்கார மாட்டேன். முன்னாடியே சொல்லிட்டேன்."

"மூட வேண்டாம்" என்றேன். சொன்ன பிறகுதான், அது உண்மை என்று தெரிந்தது.

அம்மா ஏற்கனவே எழுந்து திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நாற்காலிமேல் நின்றபடி, "அவங்களுக்கு என்னடி பிடிக்கும்?" என்றாள்.

"சமையலறை" என்றேன்.


மார்ச் 11, செவ்வாய்

ஒதுக்கீட்டுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பேசினால் வழக்கம்போல ஆகிவிடும்.

'மார்ச் 23, ஞாயிறு, இரவு 8 மணி. உப்புச் சதுப்பு, கடைசிப் பகுதி. 42, ரெடிங்டன் தெரு. பஸ் 10, சிப்ஸ் கடை நிறுத்தத்தில் இறங்கவும். நீங்களும் டுவேனும். எங்கள் வீட்டு மணி வேலை செய்யாது, கதவைத் தட்டவும்.'

இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார்.

"இது எந்த வகை வாங்க?"

"பஸ் நம்பர் எழுதியிருக்கேன்."

"எழுதியிருக்க."

"எங்கம்மா திரைச்சீலைய துவைச்சுட்டாங்க."

சீட்டை நாலாக மடித்துக் கோட்டின் உள்பைக்குள் வைத்தார். பிறகு இன்னொன்றும் சொன்னார், மெதுவாக. டுவேன் ஏப்ரல் ஐந்தாம் தேதிக்கு விமான டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறாராம், ஒரு ஆளுக்கு. இன்னும் வாங்கவில்லையாம்.

"சரி, எட்டு மணி" என்றார்.


மார்ச் 24, திங்கள்

நேற்று நடந்ததை இன்று காலை வேலைக்குப் போகும்முன் எழுதுகிறேன். பஸ் போனால் போகட்டும்.

எட்டு மணி என்றால் எட்டேகாலுக்கு வருவதுதான் எங்கள் வழக்கம். சரியாக எட்டுக்குக் கதவு தட்டப்பட்டது. அம்மா ஒரு காதில் மட்டும் தோடு போட்டிருந்தாள். கதவைத் திறந்தால் மார்லிஸ் கையில் துணி சுற்றிய ஒரு பெரிய பாத்திரம். உள்ளே வந்ததும் இரண்டு பேரும் குனிந்து காலணியைக் கழற்றினார்கள். அவர்கள் ஊரில் அப்படித்தானாம், பனி. அம்மா பதறிப்போய், "ஐயோ, அதெல்லாம் வேண்டாங்க, தரை நான் இன்னும் —" என்று ஆரம்பிக்க, டுவேனின் இடது காலுறையில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. அப்பா அதைப் பார்த்தார். தன் செருப்பைக் கழற்றிக் காட்டினார். அவருடையது வலது கால்.

அதோடு அவர்கள் இருவரும் சிநேகிதர்கள்.

பாத்திரத்தில் ஹாட்டிஷ். அடியில் கொத்துக்கறி, காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டைகள் படைவீரர்கள் மாதிரி வரிசையாக. அப்பா முதலில் மரியாதைக்கு ஒரு கரண்டி போட்டுக்கொண்டார். மூன்றாவது கரண்டிக்கு மரியாதையெல்லாம் இல்லை. "பள்ளிக்கூடத்துல நீ இத ஏன் செய்யறதில்ல?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைப்பவள். மார்லிஸிடம் அளவு கேட்டுக்கொண்டு உடனே முந்நூறால் பெருக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒன்பது மணி. சோபாவின் சரிந்த பக்கத்தில் டுவேன் உட்கார்ந்தார். மீதிப் பேர் அவர்மேல் சரிந்தோம். நானும் அப்பாவும் கடைசியில் தரைக்கு வந்துவிட்டோம்.

"பாதிரிதான்" என்றார் அப்பா. "எழுதி வச்சுக்கங்க."

"பாதிரி இல்லைங்க" என்றார் மார்லிஸ்.

இந்த வீட்டில் அப்பாவிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. சொல்லிப் பயனில்லை என்பதால்.

"பின்ன யாராம்?"

"செத்தவனோட அண்ணி."

"யாரு, அந்தப் பூக்காரம்மாவா? அது ஒரு அப்பாவிங்க."

"ரெண்டாவது எபிசோடு. இன்ஸ்பெக்டர் அஞ்சு வீட்டுக்குப் போறார். நாலு வீட்டுல டீ குடுக்கறாங்க. படகுக்காரன் அவரை அடிக்கவே போறான், அவன்கூட கெட்டில போட்டுட்டுத்தான் அடிக்கப் போறான். அண்ணி வீட்டுல மட்டும், கெட்டில் பக்கத்துலயே நிக்கறா, போடல. இந்த நாட்டுல போலீஸ்காரருக்கு டீ போடாத பொம்பளைக்கு மனசுல எவ்வளவு பெரிய பாரம் இருக்கணும்?"

அம்மா டிவியைப் பார்க்கவில்லை, மார்லிஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது ஐம்பதுக்கு அண்ணி ஒப்புக்கொண்டாள்.

அப்பா எழுந்து நின்றார். டிவியைப் பார்த்தார், மார்லிஸைப் பார்த்தார். "முப்பது வருஷமா பாக்கறேன்" என்றார். "முப்பது வருஷம். ஒரு டீ." பிறகு மார்லிஸிடம் கையை நீட்டினார். ஏதோ கோப்பை வென்றவருக்குக் கொடுப்பது மாதிரி குலுக்கினார். "அடுத்த வருஷம் நீங்க பக்கத்துல இருந்தா நான் மொதல்ல உங்களத்தான் கேப்பேன்." அம்மா பக்கம் திரும்பினார். "டெனிஸ், கெட்டில போடு. இல்லன்னா நம்மள சந்தேகப்படுவாங்க."

அம்மா எழுந்தாள். மார்லிஸும் எழுந்தார். "அந்தம்மாவ உக்காரச் சொல்லு, விருந்தாளி" என்று அப்பா சொல்வதற்குள், அம்மா, "வாங்க, துண்டு அந்த ஆணியில இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அம்மா அப்படி யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. உள்ளே இருவரும் பாத்திரம் கழுவும் சத்தம். மாட்டு டாக்டராக வந்தவன் யார் என்று அம்மா கேட்பதும், அவன் பிரபு வீட்டில் சமையல்காரனாகவும் வந்தான் என்று மார்லிஸ் சொல்வதும், "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று அம்மாவும்.

நான் எட்டிப் பார்த்தேன். மார்லிஸ் ஈரத் துண்டோடு ஜன்னலோரம் நின்றிருந்தார். துடைத்த கோப்பையைக் கீழே வைக்காமல் அதையே துடைத்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது வாசலில் அப்பா, "மறுபடியும் ஒருநாள் வாங்க" என்றார். எல்லாரும் அப்படியே நின்றோம். அப்பாவுக்கே காது சிவந்துவிட்டது.

டுவேன் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எந்தத் தேதிங்க?"

தெருமுனை வரை சிரிப்புச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு லின்டா திரையை விலக்கிப் பார்த்தாள். அம்மா அவளுக்குக் கையசைத்தாள்.


மார்ச் 27, வியாழன்

டிக்கெட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அம்மா தினமும் கேட்கிறாள்: "அந்தப் பொண்ணு போறாளா இருக்காளா?" ஐம்பத்தைந்து வயது மார்லிஸ் அம்மாவுக்கு 'அந்தப் பொண்ணு' ஆகிவிட்டார்.


மார்ச் 31, திங்கள்

செவ்வாய்க்கிழமை வருபவர் இன்று வந்தார். வெயில். சிவப்புக் கோட்டு இல்லாமல் அவரை அடையாளமே தெரியவில்லை.

திருப்ப வேண்டிய டிஸ்க்கையெல்லாம் மேசையில் வைத்தார். ஒன்று விடாமல். ஒவ்வொன்றாகக் கணினியில் பதிந்தேன். கடைசி ஒன்று இருக்கும்வரை மெதுவாகவே பதிந்தேன். அவர் பெயருக்கு நேராக இனி எதுவும் இல்லை.

"ஒண்ணு ஒதுக்கி வைக்கணும் கண்ணு" என்றார். "உப்புச் சதுப்பு. டிஸ்க். டுவேனுக்கு அண்ணி டீ போடாத இடத்த மறுபடி பாக்கணுமாம்."

தேடினேன். "அது இன்னும் வெளிய வரல. நவம்பர்லதான் வரும்."

"தெரியும். கடைசிப் பகுதி முடிஞ்சதும் டிவியில போட்டாங்க."

"நவம்பர்."

"நவம்பர்தான். எழுதிக்க. ஹாகென், ரெண்டு பேர், நானும் டுவேனும்."

எழுதினேன். திரையைப் பார்ப்பது சௌகரியமாக இருந்தது, என் முகத்தை அவர் பார்க்க வேண்டாம். அவரும் என் மேசையில் இருந்த பென்சில்களை நிறம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த விஷயத்தில் அவர் முழுக்க எங்கள் ஊர்க்காரராகிவிட்டார்.

கதவருகே போய்விட்டார். நான் எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு, அவர் பின்னாலேயே போனேன். மேசையைத் தாண்டி யார் பின்னாலும் நான் போனதில்லை. ஹிலாரி பார்த்தார், தாத்தா பார்த்தார். எங்கள் ஊரில் யாரும் கேட்கக் கூடாததை, நாலு வாரமாக நாக்கின் நுனியிலேயே வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மார்லிஸ், நான் உங்க வீட்டுக்கு சாப்பிட வரட்டுமா? இந்த வியாழக்கிழமை. ஆறு மணிக்கு."